குகதாசன் சொன்ன குமாசிக் கதை

நெல்லியடிப் பக்கத்தில் குகதாசனைப் பற்றி ஒரு கதை உலாவும். ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் சுமந்துகொண்டு ஊர் ஊராக வீடியோப் படம் காட்டித் திரிந்த காலம் அது. ஒரு கோயில் வெளியில் இங்கிலீஷ் சண்டைப் படம் ஓடிக்கொண்டிருக்க, டீவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இவன் மைக்கில் தமிழ் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தானாம். நடுவில் எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது. படம் போயிற்று, மைக்கும் போயிற்று, குகதாசன் மட்டும் நிற்கவில்லை. கறுத்துப்போன பெட்டியைக் கையால் காட்டிக் காட்டி, கதாநாயகனை ஆற்றில் தள்ளி, முதலையோடு மல்லுக்கட்ட வைத்து, கரையேற்றிக் கலியாணமும் முடித்து வைத்தான். சனம் கைதட்டி எழும்பியபோதுதான் ஒரு கிழவர் கேட்டாராம்: "தம்பி, உந்தப் பெட்டியிலை படம் எப்ப நிண்டது?"

இது முழுப்பொய் என்பவர்களும் உண்டு. அன்றைக்கு அந்த முதலையைத் தங்கள் கண்ணாலேயே கண்டதாகக் கோயில் வாசலில் சத்தியம் செய்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும் உண்மை. குகதாசனுக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. விளங்கியதைச் சொன்னான், விளங்காததைத் தானே சமைத்தான். சமைத்ததுதான் கூட ருசி. அந்தப் படங்களில் நடித்த வெள்ளைக்காரர் யாரும் நெல்லியடிக்கு வந்து நின்று, "நான் அப்படியா செய்தேன்?" என்று கேட்கப் போவதில்லையே.

ஊரில் ஜெனரேற்றர் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் ஆமிப் பட்டாளம் வரும் என்ற நிலை வந்தபோது, டெக்கை விற்று, போதாமல் அக்காவின் காப்புகளையும் விற்று, அவன் சுவிசுக்கு வந்து சேர்ந்தான். எண்பத்தெட்டாம் ஆண்டில் பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் அவனுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. நகரின் ஓரத்தில், பூம்ப்ளிஸில் சின்ன வீடு. மனைவி மனோகரியும் வந்துவிட்டாள். மைக் பிடித்த கைக்குக் கிடைத்தது சுடுதண்ணீர் பீச்சும் குழாய்தான். அதையும் சில நேரம் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ அறிவிப்பதுபோல நிற்பான்.

கழுவும் மெஷினின் மறுவாயால் ஆவி பறக்க வரும் தட்டுகளை எடுத்து அடுக்குபவள் அபேனா. கானா நாட்டுக்காரி, குமாசி என்ற பட்டணம். கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் இங்கிலீஷ், மீதிக்குக் கை என்று இருவரும் கதைப்பார்கள். குசினியில் சின்னவர் பெரியவர் இல்லை, எல்லாரும் எல்லாருக்கும் நீதான். அவர்களுடைய பேச்சைத் தமிழில் வைத்தால் இப்படியிருக்கும்.

"குகா, உன்ரை வாய் இந்த மெஷினை விடப் பெரிய சத்தம்."

"மெஷின் ஊத்தையைக் கழுவும். என்ரை வாய் மனிசரைக் கழுவும்."

"முதல்லை அந்தச் சட்டியைக் கழுவு."

முந்தைய கார்த்திகையில் ஊரிலிருந்து அப்பா செத்த செய்தி வந்தது. போக வழியில்லை. முப்பத்தோராம் நாள், அந்திரட்டிக் கிரியையன்று, ஆரே ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்று தீர்மானித்தான். அந்தக் குளிரில் ஒருத்தன் சட்டையில்லாமல் ஆற்றுக்குள் நின்றால் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று சொல்லி, அபேனாவும் கூட வந்தாள். கரையில் அவனுடைய கோட்டையும் சப்பாத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாயோடு உலாவ வந்த ஒரு சுவிஸ் அம்மா பயந்துபோய், "அந்த மனிதர் மூழ்கிச் சாகப் போகிறாரா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் அபேனா. "அவருடைய அப்பாவுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்."

அந்த அம்மா நாயை இழுத்துக்கொண்டு சற்று விலகி நின்றாள். தண்ணீரில் பல் கிடுகிடுக்க நின்ற குகதாசனுக்கு அந்த வார்த்தை கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

அபேனாவிடம் ஒரு வீடியோ கசெற் இருந்தது. அவளுடைய அம்மா குமாசிச் சந்தையில் துணி விற்பவள். கையில் கமெரா வைத்திருந்த உள்ளூர்க்காரன் ஒருவன் அந்தத் துணிக்கடையிலேயே ஒரு படம் எடுத்தான். கடையைத் தந்தவளையே கதாநாயகியாகவும் போட்டுவிட்டான். அந்த நாட்டில் அப்போது அப்படித்தான். பெரிய ஸ்ரூடியோ இல்லை, பெயர்பெற்ற நடிகர் இல்லை. அக்கம்பக்கத்தாரே நடிப்பார்கள், அக்கம்பக்கத்தாரே பார்ப்பார்கள்.

அதை ஆராயவென்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் அபேனாவைத் தேடிக் குசினிக்கு வந்தாள், பெயர் உர்சுலா. ஒரு படத்தால் ஒரு தெருவில் என்னென்ன மாறுகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. கானாவில் வீடியோக் கொட்டகைகளில் குந்தியிருந்து பார்த்து வந்தவள். கொட்டகை வந்ததும் சனம் உட்கார வாங்கு செய்யும் தச்சனுக்கு வேலை, வாசலில் வாழைக்காய் பொரிப்பவளுக்கு வியாபாரம், படத்தில் வந்த சட்டையைப் பார்த்துத் தைக்கும் தையற்காரனுக்கு ஓய்வில்லை, படம் முடிந்து வீடு போகும் புருஷன்மாருக்குப் பெண்சாதிமாரிடம் நல்ல பேச்சு என்று கதை கதையாகச் சொல்வாள். அபேனாவின் அம்மாவையும் கண்டு வந்திருந்தாள். படத்தின் கடைசியில் அந்த அம்மா செத்துப்போகிறாள். ஆகவே, உண்மையில் உயிரோடுதான் இருக்கிறாளா என்று பார்க்கச் சனம் கடைக்கு வருகிறதாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வெட்கப்பட்டு ஆளுக்கொரு துணி வாங்குகிறதாம்.

"அம்மா சாகிறதுக்கு முந்தி இவ்வளவு வித்ததில்லை," என்றாள் அபேனா பெருமையாக.

உர்சுலாவுக்கு இன்னொன்றும் அறிய வேண்டியிருந்தது. கானாவோடு ஒரு தொடர்பும் இல்லாத சனம் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? பூம்ப்ளிஸ் தமிழருக்குப் போட்டுக் காட்டினால் என்ன? ஆனால் படம் அபேனாவின் தாய்மொழியான ட்வியில். யார் விளங்கப்படுத்துவது?

குகதாசன் குழாயை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "எனக்கு அபேனாவின்ரை பாஷை தெரியும். இவளோடை வேலை செய்து பழகினது."

அவனுக்குத் தெரிந்தது காலை வணக்கம், உப்பு, கெதியா, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அபேனா புருவத்தை உயர்த்தினாள். ஆனால் சிநேகிதனை ஒரு படித்த பெண்ணுக்கு முன்னால் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஓய்வு நேரத்தில் கதை முழுவதையும் இங்கிலீஷில் அவனுக்குச் சொன்னாள். அவன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். அவனுடைய நினைப்பெல்லாம் படம் காட்டப்போகும் தேவாலய மண்டபத்தில் மைக் இருக்குமா என்பதில்தான்.

மைக் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூம்ப்ளிஸ் தேவாலயத்தின் கீழ்மண்டபம் நிறைந்துவிட்டது. பரமேஸ்வரி அக்கா வடைச் சட்டியோடு முன்வரிசை. பாடனிலிருந்து சண்முகநாதன் அண்ணை குடும்பத்தோடு ரெயிலில் வந்திறங்கியிருந்தார். மனோகரி கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உர்சுலா ஒரு மூலையில் குறிப்பெடுக்க உட்கார்ந்தாள். அபேனாவுக்கு வேலை, முடிய வருவதாகச் சொல்லியிருந்தாள்.

படம் தொடங்கியது. ஒரு தடித்த மனுசி துணிக்கடையில் உட்கார்ந்து ஓர் இளைஞனிடம் பொட்டலம் ஒன்றைக் கொடுக்கிறாள். அபேனா சொன்ன கதையில் அது என்ன பொட்டலம்? குகதாசனுக்கு ஒன்றும் ஞாபகத்தில் வரவில்லை. சனம் அவனுடைய வாயைப் பார்த்தது. நெல்லியடியில் ஜெனரேற்றர் நின்ற அதே இருட்டு. அவன் மைக்கைப் பிடித்தான்.

"இவதான் பாருங்கோ, ஊரிலை பெரிய வட்டிக்காரி. மருமேனுக்கு விசம் வைச்ச பலகாரம் குடுத்து அனுப்புறா."

மண்டபம் "ஐயோ" என்றது. பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அவள் வாசலில் நின்று பாதையைப் பார்த்தால், "பிரேதம் வருதோ எண்டு பாக்கிறா" என்றான். பெட்டியைத் திறந்தால், "செத்தவன்ரை நகையை எண்ணுறா" என்றான். பரமேஸ்வரி அக்கா எழும்பி நின்று, "எடியே மூதேவி, செத்துத் துலையடி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். சண்முகநாதன் அண்ணை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

கடைசிக் கட்டம் வந்தது. அந்த மனுசி நோயில் மெலிந்து, வெள்ளைத்துணி போர்த்தி, மெல்ல முற்றத்துக்கு வருகிறாள். கையில் ஒரு கிளாஸ் ஜின். ஏதோ சொல்லிக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தில் ஊற்றுகிறாள்.

"வெறி!" என்றான் குகதாசன். "முட்டு வெறி! கிளாசை வாயிலை வைக்கவும் தெரியேல்லை, பாருங்கோ, எல்லாத்தையும் நிலத்திலை ஊத்துறா குடிகாரி!"

மண்டபம் வெடித்தது. தொடையில் அடித்துச் சிரித்தார்கள். அவள் அந்த முற்றத்திலேயே சரிந்து விழுந்து செத்தபோது கைதட்டினார்கள்.

குகதாசன் கைதட்டலுக்குத் தலைகுனிந்து நிமிர்ந்தான். கதவடியில் அபேனா நின்றாள். இரண்டு கையிலும் ஒரு பெரிய தட்டம். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தமிழ் அவளுக்கு விளங்காது. சிரிப்பு விளங்கும். தட்டத்தைப் பக்கத்து மேசையில் சத்தமில்லாமல் வைத்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். போய்விட்டாள்.

சனம் அவனைச் சூழ்ந்துகொண்டது. உர்சுலா வந்து கேட்டாள்: "இது மிகவும் துக்கமான காட்சி என்று நினைத்தேன். ஏன் சிரித்தார்கள்?"

அந்த நேரம் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மனோகரி நின்றாள். அவளுடைய முகத்தில் கலியாணத்தன்று இருந்த வெளிச்சம்.

"எங்கட சனம் அப்படித்தான்," என்றான் ஜெர்மனில். "துக்கம் எண்டால் சிரிக்கும்."

உர்சுலா அதை எழுதிக்கொண்டாள். மனோகரி அவனுடைய கையில் ஏதோ பலகாரத்தை வைத்தாள். "இஞ்சாருங்கோ, சாப்பிடுங்கோ. இண்டைக்குக் கலக்கிப்போட்டியள்."

பழுத்த வாழைக்காயில் பொரியல். இஞ்சியும் மிளகாயும் போட்டு, உள்ளே இனிப்பாக. எல்லாரும் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். "ஆர் கொண்டு வந்தது?" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டான்.

"கதவடியிலை ஒரு ஆபிரிக்கப் பிள்ளை வைச்சிட்டுப் போச்சுது. எங்களுக்கெண்டுதானே?"

துப்பவும் முடியாது. விழுங்கினான்.

மறுநாள் மெஷினின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். தட்டுகள் போய் வந்தன. ஓய்வுக்கு மெஷினை நிறுத்தியபோதுதான் அபேனா கேட்டாள்.

"என்ரை அம்மா செத்தது அவ்வளவு பகிடியா?"

"அபேனா, எங்கட சனம் துக்கத்துக்குத்தான்..." என்று அதே பொய்யைத் தொடங்கினான்.

"உன்ரை அப்பாவுக்கு நீ சிரிச்சனியா?"

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"அண்டைக்குக் கரையிலை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனே. நான் சிரிச்சனா, குகா?"

"இல்லை."

"நீ உன்ரை அப்பாவுக்குத் தண்ணி குடுத்தாய். என்ரை அம்மா தன்ரை செத்தவைக்கு ஜின் குடுத்தா. படத்திலை தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பினவ, அவன் ஒரு கடிதமும் போடேல்லை. அப்பிடியிருந்தும் சாகப் போற நேரம், அவன்ரை வழியைக் காத்துக் குடுங்கோ எண்டு கேட்டு ஊத்துறா. இதைத்தானே உனக்கு இதே இடத்திலை நிண்டு சொன்னனான்?"

சொன்னாள்தான். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பொட்டலத்தில் இருந்தது தம்பியின் பயணத்துக்கான காசு. பாதையைப் பார்த்தது தபாற்காரனுக்காக. பெட்டியில் இருந்தது அவனுடைய சின்ன வயதுச் சட்டை. குகதாசனுக்கு அக்காவின் வெறுங்கை கண்ணுக்கு முன்னால் வந்தது. முகம் மட்டுமல்ல, காதும் கழுத்தும் கூசின. குமாசியில் ஒருத்தி செய்த ஒரு நல்ல காரியத்தைக் குடிகாரியின் கூத்தாக்கி, அதற்குத் தன் சனத்தையே கைதட்ட வைத்து, கடைசியில் பழியையும் அந்தச் சனத்தின் தலையிலேயே போட்டிருக்கிறான்.

வேலை முடிந்ததும் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து உர்சுலாவை அழைத்தான். தனக்கு அந்த மொழி தெரியாது, சொன்னதெல்லாம் சொந்தக் கற்பனை என்று ஒரே மூச்சில் சொன்னான். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சிரிப்பைப் பற்றி நான் எழுதியதை வெட்டிவிடலாம்," என்றாள் உர்சுலா கடைசியில். "மண்டபத்தில் இருந்தவர்களிடமிருந்து யார் வெட்டுவது?"

அடுத்த ஞாயிறு அதே படம் மறுபடியும் ஓடும் என்று அவனே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். போன கிழமைச் சிரிப்பை நம்பிச் சனம் முன்னையதை விடக் கூடவே வந்தது. அபேனாவை முன்வரிசையில் இருத்த அவன் படாத பாடு பட்டான். அவள் வந்தாள். தட்டம் கொண்டுவரவில்லை.

படத்தைப் போடுமுன் அவன் மைக்கைப் பிடித்தான்.

"போன கிழமை நான் சொன்னது இந்தப் படத்தின்ரை கதை இல்லை. எனக்கு இந்தப் பாஷை தெரியாது. இதிலை நடிச்சவ இந்தப் பிள்ளையின்ரை தாய்."

சனம் எட்டி அபேனாவைப் பார்த்தது.

"அப்ப நாங்கள் பாத்தது என்ன படம், தம்பி?" சண்முகநாதன் அண்ணை.

"அது படமில்லை, அண்ணை. என்ரை வாய்."

"கண்டறியாத வாய்! பாடனிலை இருந்து ரிக்கற் எடுத்து வந்தது உன்ரை வாயைப் பாக்கவோ?"

பின்வரிசையில் யாரோ, "அந்தக் கதைதான் அண்ணை நல்லா இருந்தது, அதையே சொல்லுங்கோ," என்றான். அரைச் சிரிப்பு ஒன்று எழுந்து, அபேனாவின் முதுகைப் பார்த்ததும் அடங்கியது. மனோகரி தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவன் மிகப் பயந்தது அதற்குத்தான்.

பரமேஸ்வரி அக்கா எழும்பினாள். "அட பாவி! ஒரு பிள்ளையின்ரை தாயைப் பாத்து, செத்துத் துலையெண்டு என்னைக் கொண்டு சொல்லுவிச்சிட்டியே! அது பாத்துக்கொண்டு நிண்டுதே! என்ரை வாய் அழுகாதோ!"

அபேனா திரும்பினாள். "அவ என்ன சொல்லுறா?"

குகதாசன் அபேனாவுக்குப் பக்கத்தில் வந்தான். இதை மாற்றிச் சொல்வது அவனுக்கு எவ்வளவு சுலபம்! மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொன்னால் போதும், பாதி உண்மைதானே. அவன் மாற்றவில்லை. அக்கா போன கிழமை சொன்னதையும், யார் அதைச் சொல்ல வைத்தது என்பதையும் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் சொன்னான். அவன் செய்த முதலாவது உண்மையான மொழிபெயர்ப்பு அதுதான்.

படம் ஓடியது. அபேனா சொல்லச் சொல்ல, அவன் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னான். வெறும் வார்த்தை, மசாலா இல்லை. தம்பிக்குப் பொட்டலம் கொடுத்த இடத்தில் மண்டபத்தில் இருமல்கூட நின்றது. அங்கிருந்த ஆண்களில் யாருக்கு அப்படி ஒரு பொட்டலம் கைமாறவில்லை? தபாற்காரன் வாசலைத் தாண்டிப் போனபோது சண்முகநாதன் அண்ணை சிகரெட் குடிக்கவென்று எழும்பிப் போனார். பிறகு உள்ளே வரவேயில்லை. அவருக்கும் ஊரில் ஓர் அக்கா இருந்தாள்.

கிளாஸ் வந்த இடத்தில் குகதாசன் மைக்கைக் கீழே வைத்துவிட்டான். யாருக்கும் அது தேவைப்படவில்லை. "எள்ளுந் தண்ணியும் மாதிரி," என்று பரமேஸ்வரி அக்கா தனக்குத்தானே சொல்வது பின்வரிசைவரை கேட்டது.

முடிந்தபின் அக்கா வடைத் தட்டோடு அபேனாவிடம் வந்து, தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லால் மன்னிப்புக் கேட்டாள். அபேனா ஒரு வடையை எடுத்து நன்றி சொன்னாள். குகதாசன் நீட்டிய தேநீரையும் வாங்கினாள். குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை மெஷினைப் போடுமுன் சொன்னாள்: "நீ முதல்லை சொன்ன கதையை எனக்குச் சொல்லு. முழுக்க."

"வேண்டாம், அபேனா."

"அவ்வளவு பேருக்குச் சொன்னாய். எனக்கு மட்டும் வெட்கமோ?"

சொன்னான். வட்டிக்காரியைச் சொன்னான், விசப் பலகாரத்தைச் சொன்னான். நகை எண்ணிய இடத்தில் அவளுக்கே வாய்க்கடையில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அம்மா எண்ணுறதிலை கெட்டிக்காரிதான்," என்றாள். கிளாஸ் வந்தது. அவன் நின்றான்.

"பிறகு?"

நாவின் நுனியில் வேறு எத்தனையோ வார்த்தைகள் வந்து நின்றன. அவன் அவளுடைய முகத்தைப் பார்த்து, "குடிகாரி எண்டன்," என்றான்.

அவள் மெஷினைப் போட்டாள். தட்டுகள் வரத் தொடங்கின. வெகுநேரம் கழித்து, சத்தத்துக்கு மேலால் சொன்னாள்: "அம்மாவுக்கு எழுதப் போறன். ரெண்டு கிழமையும் மண்டபம் நிறைஞ்சது எண்டு மட்டும் எழுதுவன். அவ வியாபாரி. அது காணும் அவவுக்கு."

குகதாசன் தலையாட்டினான். மெஷினின் ஆவி முகத்தை மூடியது அவனுக்கு உதவியாயிருந்தது.

அதற்குப் பிறகு அவன் கதை சொல்வதை விட்டுவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலியாண வீடுகளில் முதலையும் ஜெனரேற்றரும் இன்னமும் வந்துபோயின, முதலைதான் வரவரப் பெருத்தது. ஆனால் வாயைத் திறக்கு முன் ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பான். ஆரைத் தேடுறியள் என்று மனோகரி ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.